யாருக்குத் தோது?

எங்கள் பேட்ச்சில் 150 பேர். அதில் 84 பேர் பெண்கள். முதலாண்டு அனாட்டமியில் தொடங்கி இறுதியாண்டு மெடிசின் வரை கல்லூரி கொடுத்த பதக்கங்களில் பெரும்பாலானவை எங்கள் பக்கம்தான் வந்தன. உடற்கூறு மேசையில் பிணத்தை அறுத்துப் படித்தபோதும், பிரசவ வார்டில் விடியவிடிய நின்றபோதும் யாரும் எங்களிடம் வந்து, “இது உனக்குத் தோதுப்படாது” என்று சொன்னதில்லை. ஹவுஸ் சர்ஜன் ஆண்டு முடிகிற நேரத்தில், மேற்படிப்புக்கு எந்தத் துறை என்ற பேச்சோடு சேர்ந்துதான் அந்தச் சொல் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

பையன்களிடம் உறவினர்கள் கேட்பது, “ரேங்க் எவ்வளவு? அதுக்கு என்ன கிடைக்கும்?” எங்களிடம் கேட்பது, “எது தோதா இருக்கும்?” ஒருவரிடம் விருப்பத்தையும் வாய்ப்பையும் கேட்கிறார்கள். இன்னொருவரிடம் இன்னும் நடக்காத கல்யாணத்தையும் பிறக்காத பிள்ளையையும் கேட்கிறார்கள். ஓராண்டாக இந்தத் ‘தோது’ என்ற சொல்லைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

மருத்துவம் படிக்காதவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு. அதன்பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். மெடிசின், சர்ஜரி, ஓஜி என்று நாங்கள் சொல்லும் மகப்பேறும் மகளிர் நலமும், குழந்தைகள், எலும்பு, கண், காதுமூக்குத்தொண்டை என்று ஒவ்வொரு துறையாகச் சுற்றி வருவோம். பிறகு நீட் பிஜி. மூன்றரை மணி நேரம், 200 கேள்விகள், 800 மதிப்பெண். அதில் வரும் ரேங்கை வைத்துக்கொண்டு கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். கெடு முடிந்து பட்டியல் பூட்டப்பட்டுவிட்டால் அந்தச் சுற்றில் மாற்ற முடியாது. அடுத்த மூன்றாண்டுப் படிப்பை மட்டுமல்ல, அதற்குப் பிந்தைய முப்பதாண்டு வேலையையும் அந்தப் பட்டியல்தான் முடிவுசெய்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் தோதுப் பட்டியல் என்று ஒன்று உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். முதலிடம் தோல் மருத்துவம். “தோலுக்கு நடுராத்திரியில என்ன ஆகப்போவுது?” என்பார் பெரியப்பா. (மாத்திரை ஒவ்வாமல் உடம்பு முழுக்கத் தோல் உரிந்து உயிருக்குப் போராடும் நோயாளியை அவர் பார்த்ததில்லை.) அடுத்தது ரேடியாலஜி. ஏசி அறை, உட்கார்ந்த வேலை. பிறகு பத்தாலஜி, குழந்தைகள் மருத்துவம், ஓஜி. பட்டியலில் இல்லாதவை சர்ஜரி, எலும்பு, நரம்பு, சிறுநீரகம். நான் கேட்டது எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி.

“ராத்திரி பகலுன்னு பாக்காம ஆம்பளப் பயலுகளோட நிக்கணுமாமே” என்று அத்தை ஆரம்பித்தார். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். அவருக்குச் சத்தம் போட்டுப் பேசவும் வராது, மறுக்கவும் வராது. “பாப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம். ஓஜி எடுத்துக்க. பொம்பளைக்குத் தோதானது” என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கணக்கு இடித்தது. சர்ஜரி வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் இரவு வேலை. ஆனால் பரிந்துரைப்பது ஓஜி. மருத்துவமனையில் எந்த வார்டில் இரவு விளக்கு அணைவதே இல்லை என்று எந்த ஹவுஸ் சர்ஜனைக் கேட்டாலும் பிரசவ வார்டு என்பார். பிள்ளைகள் பகல் பார்த்துப் பிறப்பதில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயை வைத்துக்கொண்டு நிற்கும் இருபது நிமிடத்தைவிடக் கடினமான இருபது நிமிடம் எந்தத் துறையிலும் எனக்கு வாய்க்கவில்லை. வயிற்றைத் திறப்பதும் அங்கே உண்டு. சிசேரியன் அறுவைச் சிகிச்சைதான், கர்ப்பப்பையை எடுப்பதும் அறுவைச் சிகிச்சைதான். நேரமும் கஷ்டமும்தான் காரணம் என்றால், பெண்களை முதலில் தடுக்க வேண்டிய துறை ஓஜியாகத்தான் இருக்கும்.

என் அம்மா ஸ்டாஃப் நர்ஸ். 27 ஆண்டுகள். இரவு ஏழு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல்தான் வருவார். நானும் தம்பியும் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, ஆச்சியிடம் விட்டுவிட்டு, தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கடைசி டவுன் பஸ் பிடிப்பார். அம்மாவின் இரவுகளைப் பற்றி எந்த அத்தையும் பெரியப்பாவும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. இந்த நாட்டில் எத்தனையோ பெண்கள் நர்ஸாகவும் ஆயாவாகவும் துப்புரவுப் பணியாளராகவும் ஆஸ்பத்திரி இரவுகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரவுகள் பெண்ணுக்குத் தோதா என்று யாரும் கூட்டம்போட்டுப் பேசுவதில்லை. இரவில் கத்தியைக் கையில் எடுத்து, “இப்போதே திறக்க வேண்டும்” என்று முடிவுசெய்கிற இடத்துக்கு ஒரு பெண் வரும்போதுதான் இரவு திடீரென்று ஆபத்தாகிவிடுகிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். “முடிவு எடுக்கிறது நீங்க மட்டுமாக்கும்? நாங்க போன் போட்டு எழுப்பலேன்னா பாதி டாக்டருங்க எந்திரிக்கவே மாட்டாங்க” என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “என் ராத்திரிய யாரும் தோதான்னு கேக்கல. சம்பளம் தேவையா இருந்துச்சு, போனேன்” என்றார்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடியாமல் பெண்கள் பிரசவத்தில் சாகிறார்கள் என்பதுதான் அவரைப் படிக்கத் தூண்டியது. அவர் முயற்சியில் 1885-இல் சென்னையில் உருவானதுதான் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-இல் மருத்துவப் பள்ளி தொடங்கியதும் பெண்களுக்காகத்தான். அங்கே ஆண் மாணவர்கள் வந்தது 1947-இல். பெண்ணுக்குச் சிகிச்சை செய்யப் பெண் வேண்டும். இந்த ஒரு வாதம்தான் பூட்டியிருந்த கதவைத் திறந்தது. அந்த வாதத்தால் பிழைத்த தாய்மார்களுக்குக் கணக்கில்லை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி உள்ளே விட்டார்களோ, அந்தக் காரணத்துக்குள்ளேயே உட்கார்த்தியும் வைத்துவிட்டார்கள். பெண்ணின் உடம்பையும் பிள்ளையின் உடம்பையும் பார்க்கலாம். அதைத் தாண்டி மூளையையோ எலும்பையோ ஓர் ஆணின் வயிற்றையோ தொடுவதென்றால் தனியாக அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காத்திராமல் போனவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர். பின்னாளில் அவர் எழுப்பியது பிரசவ ஆஸ்பத்திரி அல்ல, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை. டி.எஸ். கனகா 1968-இல் சென்னையில் நரம்பு அறுவைச் சிகிச்சையில் எம்.சி.எச். முடித்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். மண்டையோட்டைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரை, மருத்துவம் படித்த ஐந்தரை ஆண்டுகளில் என் வகுப்பறையில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

எனக்கு ஏன் சர்ஜரி? ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்கில் ஓர் இரவு. லோடு ஏற்றும் வேலை செய்பவர், நாற்பது வயதிருக்கும். மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் போட்டிருக்கிறார். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் பிறைபோல ஒரு கறுப்பு. குடலிலிருந்து வெளியேறிய காற்று. தியேட்டருக்கு எடுத்தார்கள். நான் ரிட்ராக்டர் பிடித்தேன். வயிற்றைத் திறந்ததும் பித்தம் கலந்த நீர். அதை உறிஞ்சி எடுத்து, தேடி, சிறுகுடலின் தொடக்கத்தில் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார் பிஜி அண்ணன். மிளகளவுதான் இருக்கும். கொழுப்புத் திரையில் ஒரு துண்டை இழுத்து அதன்மேல் வைத்து மூன்று தையல். பிறகு லிட்டர் லிட்டராகச் சலைன் ஊற்றிக் கழுவினோம். எட்டாவது நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். உள்ளே என்ன கெட்டதென்று கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்ய முடிகிற வேலை இது. அன்று காலை ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை. களைப்பால் அல்ல. இதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

அந்தத் தியேட்டர் எனக்காகக் கட்டப்பட்டதல்ல என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஸ்டாக்கில் இருந்த கையுறையெல்லாம் ஏழு, ஏழரை. என் அளவு ஆறரை. பெரிய கையுறையில் விரல் நுனி ரப்பர் மடிந்து நிற்கும். முடிச்சுப் போடும்போது நூலோடு சேர்ந்து சிக்கும். “பொண்ணுங்களுக்கு முடிச்சு வேகமா வராது” என்று ஓர் உதவிப் பேராசிரியர் சொன்னதுண்டு. தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் இன்டென்ட்டில் ஆறரையும் சேர்த்து எழுதினார். இரண்டாவது வாரம் பெட்டி வந்தது. என் முடிச்சு நன்றாகவே விழுந்தது.

உடை மாற்றும் அறை விஷயம் அத்தனை எளிதில் தீரவில்லை. ‘டாக்டர்கள் அறை’ என்று பலகை தொங்கும் அறையில் ஆண்கள் மாற்றிக்கொள்வார்கள். பெண் மருத்துவர்கள் நர்ஸ்களின் அறையில். அதில் எனக்கு வருத்தமில்லை, அம்மாவின் அறை மாதிரிதான். ஆனால் அடுத்த கேஸை யார் செய்வது, யார் உதவிக்கு நிற்பது என்பதெல்லாம் டாக்டர்கள் அறையில் டீ குடிக்கும்போதே முடிவாகிவிடும். நாங்கள் உடை மாற்றி வெளியே வரும்போது முடிந்த முடிவு மட்டும் எங்களுக்குக் கிடைக்கும். கையில் கத்தி பிடித்த எண்ணிக்கைதான் ஒருவரைச் சர்ஜன் ஆக்குகிறது. அந்த எண்ணிக்கை ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் பங்குபோடப்படுகிறது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதுதான், 2024 ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இரவுப் பணியில் இருந்த முதுநிலை மாணவி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். ஓய்வெடுக்க அவர் படுத்திருந்த இடம் கருத்தரங்க அறை. நாடு முழுக்க மருத்துவர்கள் வெளியே வந்தோம். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டு, மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கென்று தேசியப் பணிக்குழு அமைத்தது. எங்கள் கல்லூரியில் நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு கழிப்பறை, அதுவரை போகிற வழியில் விளக்கு.

அன்றிரவு அப்பா போன் செய்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில், “அதுக்குத்தான் பாப்பா சொல்றேன்” என்றார். அவர் குரலில் இருந்த பயம் உண்மையானது. அதை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இறந்துபோன அந்தப் பெண் படித்தது சர்ஜரி அல்ல, நுரையீரல் மருத்துவம். தோதான துறையா இல்லையா என்று பார்த்து வன்முறை வருவதில்லை. அறைக்குத் தாழ்ப்பாள் போடாத நிர்வாகத்தை விட்டுவிட்டு, பெண்ணின் விருப்பத்துக்குத் தாழ்ப்பாள் போடுவதுதான் நம் வீடுகளுக்குச் சுலபமாக இருக்கிறது. சுலபம் என்பதால்தான் திரும்பத்திரும்ப அதையே செய்கிறோம்.

சர்ஜரி ஓ.பி.யில் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். வரிசையில் அவர் முறை வந்தும் பின்னால் நிற்பவர்களை முன்னே அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போனதும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, “லேடி டாக்டரா நீயி?” என்றார். மாரில் கட்டி. எட்டு மாதமாகச் சேலைக்குள் மறைத்துவைத்திருக்கிறார். மகனிடம் சொல்லக் கூச்சம், ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். திரைக்குப் பின்னால் பரிசோதித்தபோது கட்டி தோலோடு ஒட்டியிருந்தது, அக்குளிலும் நெறிகட்டியிருந்தது. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் பிறகு வந்தன. என் விரல்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூலமும் பௌத்திரமும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருக்கிற பெண்களும் அதே வரிசையில்தான் வருகிறார்கள்.

இதைக் கேட்ட என் சீனியர் அக்கா ஒருவர் யோசனை சொன்னார். அவரும் சர்ஜன். எம்.எஸ். மூன்றாண்டில் ஒரு குழந்தையைப் பெற்று, தன் அம்மாவிடம் விட்டு வளர்த்துப் படித்து முடித்தவர். “வீட்ல இதைச் சொல்லுடி. பொம்பளைங்களுக்கு லேடி சர்ஜன் இல்லாம எவ்ளோ கஷ்டம்னு சொல்லு. உடனே சரின்னுடுவாங்க.”

சொல்லியிருக்கலாம். அப்பா நிச்சயம் இளகியிருப்பார். அந்தப் பெண்மணியின் எட்டு மாதம் பொய்யல்ல, என்னைப் போன்றவர்கள் அந்த ஓ.பி.யில் உட்கார வேண்டிய தேவையும் பொய்யல்ல. ஆனால் 1875-இல் கதவைத் திறந்த அதே சாவிதான் அது. அதைச் சொல்லி உள்ளே போனால் மார்பகக் கட்டியும் மூலமும் உள்ள பெண்கள் எனக்கு, மற்ற வயிறுகளெல்லாம் ஆண்களுக்கு என்று அங்கேயும் ஒரு கோடு விழும். விழுந்திருப்பதை அந்த அக்காவின் யூனிட்டிலேயே பார்த்திருக்கிறேன். லோடு ஏற்றும் அந்த மனிதருக்கும் நான் சர்ஜனாக வேண்டும். தவிர, என் வகுப்புப் பையன்களில் யாரும் தன் விருப்பத்துக்குச் சமூக சேவைச் சான்றிதழ் இணைக்கவில்லை. “பிடிச்சிருக்கு” என்றார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. பெண்ணுக்கு ஒரு வேலை பிடித்திருக்கிறது என்பது மட்டும் ஏன் அரைக் காரணமாகவே நிற்கிறது?

அதனால் வீட்டில் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். “அப்பா, எனக்குச் சர்ஜரி பிடிச்சிருக்கு.” அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அத்தை, தான் பார்த்துவைத்திருந்த வரன் கைவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். மாப்பிள்ளை எலும்பு டாக்டராம். “ரெண்டு பேருமே கத்தி புடிச்சா வீட்ட யாரு பாக்கிறது” என்று கேட்டார்களாம். அவருக்கு அவர் துறை தோதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிற மருத்துவ மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓஜி பிடித்து எடுப்பவர்களும், தோல் பிடித்து எடுப்பவர்களும், இரவில் வீட்டில் இருக்க வேண்டும் என்று யோசித்தே எடுப்பவர்களும் எனக்கு ஒரு படி கீழே இல்லை. அவரவர் வாழ்க்கைக் கணக்கு அவரவருக்கு. துறை எடுக்கும் முன் அந்த வார்டில் பணிபுரியும் பெண்களிடம் நேராகக் கேளுங்கள். இரவில் எங்கே தூங்குகிறீர்கள்? பேறுகால விடுப்பு எடுத்தால் படிப்பு எத்தனை மாதம் தள்ளுகிறது? கேஸ்களை யார், எங்கே உட்கார்ந்து பங்கிடுகிறார்கள்? உங்கள் அளவுக் கையுறை இருக்கிறதா? தோது என்று யாராவது சொன்னால் யாருக்குத் தோது என்றும் கேளுங்கள். பல நேரம் அதற்குப் பதில், இன்னும் நாம் பார்த்தேயிராத ஒரு வீட்டுச் சமையலறையாக இருக்கும்.

என் ரேங்குக்கு நான் கேட்கும் சீட் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பட்டியலில் முதல் பதினேழு இடங்களிலும் ஜெனரல் சர்ஜரி வைத்திருக்கிறேன், ஊர் மட்டும்தான் மாறும். நேற்று ராத்திரி அதை லாக் செய்தபோது அம்மா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “முட்டிவரைக்கும் இறுக்கமா ஒரு சாக்ஸ் விக்கிது, இப்பவே வாங்கிக்கோ. நின்னு நின்னு எனக்கு நரம்பு சுருட்டிக்கிட்ட மாதிரி உனக்கும் வந்துறக் கூடாது” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.